தண்ணீரை ஓடவிடவும் தண்ணீரை நிறுத்தவும்: சூமாஷ் மக்களின் கைவேலை

ஒரு வாய் கடுஞ்சாயத் தண்ணி குடித்தால் நாக்கும் கன்னத்தின் உட்பக்கமும் வரண்டு இழுத்துப் பிடிக்கும். சாயத்தில் உள்ள பொலிபீனோல்கள் எச்சிலில் வழுவழுப்பைத் தரும் புரதத்தைப் பிடித்துக் கட்டியாக்கிவிடுவதால் வரும் இழுப்பு அது. பால் ஊற்றியதும் இழுப்பு அடங்குகிறதே, பாலின் புரதம் முந்திக்கொண்டு அவற்றைப் பிடித்துவிடுகிறது. மலையகத்தில் இந்தத் துவர்ப்பை விற்றுத்தான் தோட்டங்கள் நடக்கின்றன. கலிபோர்னியாவின் தெற்குக் கரையிலோ, இதே வகைத் துவர்ப்பைக் கடைசிச் சொட்டு வரை கழுவி எறிந்த பிறகுதான் ஒரு சமூகத்தின் அன்றாடச் சாப்பாடு அடுப்பேறியது.

அந்தச் சமூகம் சூமாஷ். இன்றைய மாலிபு கரையிலிருந்து வடக்கே சான் லூயிஸ் ஒபிஸ்போவைத் தாண்டியும், உள்ளே மலைகளைக் கடந்து சான் வோக்கின் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரம் வரையிலும், எதிரே கடலில் இருக்கும் வட சனல் தீவுகளிலும் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பேசியது ஒரே மொழியல்ல, ஒன்றுக்கொன்று உறவான பல மொழிகள். தீவுகளில் பெரியதான சாந்தா குரூஸ் அவர்கள் வாயில் லிமூவ். சாந்தா ரோசா தீவில் 1959இல் கிடைத்த மனித எலும்புகள் ஏறத்தாழ 13,000 ஆண்டுப் பழமையானவை. அக்காலத்திலும் அது தீவுதான். ஆகவே ஏதோ ஒரு படகில்தான் அந்த மனிதர் அங்கே போயிருக்க வேண்டும்.

அவர்களைப் பற்றித் தமிழில் ஏதாவது எழுதினால் குகை ஓவியத்தோடும் மணிகளோடும் நின்றுவிடுகிறது. இரண்டும் அழகுதான். ஆனால் அந்த வாழ்க்கையைத் தாங்கியது தண்ணீரைக் கையாளும் திறமை. மாவுக்குள்ளே தண்ணீரை ஓடவிடத் தெரிந்தது, கூடைக்குள்ளே தண்ணீரை நிறுத்தத் தெரிந்தது, படகுக்கு வெளியே தண்ணீரை நிறுத்தத் தெரிந்தது. இந்த மூன்றையும் வேலையாகவே பார்க்கலாம்.

முதலில் மாவு. மூலப்பொருள் ஓக் மரத்தின் கொட்டை. நம் தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவீலியா. அதில் தின்னக்கூடிய கொட்டை கிடையாது. சூமாஷ் நாட்டில் கரையோரத்தில் எப்போதும் பச்சையாக நிற்கும் ஓக்கும், உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் இலையுதிர்க்கும் பெரிய ஓக்கும் முக்கியம். கொட்டை விரல் நுனி அளவு. மேலே குல்லாய் போல ஒரு கிண்ணம், உள்ளே மெல்லிய ஓடு, அதற்குள் செம்பழுப்புத் தோல் போர்த்திய பருப்பு.

செப்டெம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை கொட்டை விழும். முதலில் விழுபவற்றை நம்பக் கூடாது. குல்லாயோடு சேர்ந்து சீக்கிரமே விழும் கொட்டையில் பெரும்பாலும் புழு இருக்கும். நீண்ட மூக்குள்ள ஒரு வண்டு, கொட்டை பிஞ்சாக இருக்கும்போதே துளைத்து முட்டை வைத்துவிடுகிறது. ஓட்டில் வட்டமாக ஒரு சிறு துளை தெரிந்தால் புழு தின்று முடித்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். துளை இல்லாததால் கொட்டை நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது, புழு இன்னும் உள்ளே இருக்கலாம். பொறுக்கிய அன்றே தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. மிதப்பது சொத்தை, அமிழ்வது பெரும்பாலும் சரி. காய்ந்த பிறகு இந்தச் சோதனை செய்தால் நல்லதும் மிதக்கும், ஏனென்றால் பருப்பு சுருங்கி ஓட்டுக்குள் காற்று நிறைந்துவிடுகிறது.

ஓக் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி காய்க்காது. ஒரு வருஷம் கொட்டித் தீர்க்கும், அடுத்த வருஷம் கையை விரிக்கும். அதனால் சேமிப்பு கட்டாயம். ஓட்டோடு நன்றாகக் காய்ந்த கொட்டை பெரிய கூடைகளில் மாதக்கணக்கில் கிடக்கும். உலர்த்துவதில் இன்னொரு வசதியும் உண்டு. காய்ந்த பருப்பு ஓட்டை விட்டு விலகிவிடும், உட்தோலும் தளர்ந்துவிடும். ஈரமாக உடைத்தால் அந்தத் தோலைச் சுரண்டியே நாள் போய்விடும். ஒரு கல்லின் சிறு குழியில் கொட்டையை நிறுத்தி, இன்னொரு கல்லால் தலையில் ஒரு தட்டு. பக்கவாட்டில் தட்டினால் வழுக்கிப் பறக்கும். பிறகு கையில் கசக்கி, தட்டையான கூடையில் போட்டுப் புடைத்தால் தோல் பறந்துவிடும். சுளகு பிடித்த கைகளுக்கு இந்த அசைவைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடிப்பது கல்லுரலில். குழவி கனமாக இருக்க வேண்டும், அதைத் தூக்கித் தானாக விழவிட வேண்டும். கையால் அழுத்தி இடிப்பவர் அரை மணியில் களைத்துவிடுவார், மாவும் ஒரே சீராக வராது. அடியில்லாத ஒரு கூடையைத் தட்டையான கல்லின் மேல் தார் வைத்து ஒட்டினால் இன்னொரு வகை உரல். கூடைச் சுவர் மாவு சிதறாமல் பிடிக்கும், இடியைக் கல் வாங்கிக்கொள்ளும். கூடை உக்கிப்போன பிறகும் கல்லின் மேல் அந்தத் தார் வளையம் கறுப்பாக ஒட்டியிருக்கிறது. அகழ்வில் அப்படி ஒரு கல் கிடைத்தால் வளையத்தின் குறுக்களவிலிருந்தே கூடையின் அடி எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடலாம். சூமாஷ் நாட்டின் சாந்தா பார்பரா கரையில் உரலும் குழவியும் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் பரவத் தொடங்கின. அதற்கு முன் இருந்தது அம்மி போன்ற தட்டைக் கல், சிறு விதைகளை அரைக்க.

இடித்த மாவைச் சலித்து, கரடானதை மறுபடி உரலில் போட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. துகள் பெரிதாக இருந்தால் அதன் வெளிப்புறத் துவர்ப்பு போகும், நடுவில் இருப்பது போகாது. கஞ்சி முழுவதும் நன்றாக இருந்து, இடையிடையே ஒரு துகள் மட்டும் பல்லில் பட்டுக் கசந்தால் சலிப்பில்தான் பிழை.

அடுத்தது கழுவுதல். துவர்ப்பைத் தரும் டனின் வெப்பத்தில் அழிவதில்லை, தண்ணீரில் கரைகிறது. ஆகவே ஒரே தண்ணீரில் எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் பயனில்லை. தண்ணீர் மாற வேண்டும். பழைய முறையில், ஆற்றோரத்துச் சுத்தமான மணலைக் குழித்து, அதில் மாவை ஓரிரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நேரே ஊற்றினால் மாவில் பள்ளம் விழும். தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகவே ஓடிவிடும், மற்ற இடம் கசப்போடு கிடக்கும். அதனால் ஒரு இலைக்கொத்தை மேலே பிடித்து, அதன் மேல் ஊற்றுவார்கள். தண்ணீர் சிதறித் தூறலாய் இறங்கும். நெருக்கமாகப் பின்னிய கூடையிலும் இதைச் செய்யலாம். பீலி வழியே மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரை வைத்திருக்கும் நமக்கு இது உடனே விளங்கும். மாவை மல் துணியில் கட்டிப் பீலிக்குக் கீழே நேரடியாக வைத்தால் மாவே அடித்துக்கொண்டு போகும், பீலித் தண்ணீரை ஒரு தட்டில் வாங்கி அங்கிருந்து வழியவிட்டால் மாவு தங்கும்.

வீட்டில் செய்பவர்களுக்குப் போத்தல் முறை எளிது. வெளிநாட்டில் ஓக் மரத்தடியில் வசிக்கும் நம்மவர்கள் இதை முயலலாம், கொட்டை பொறுக்க அங்கே அனுமதி உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பங்கு மாவு, மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர், கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குலுக்கி பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மேலே சாய நிறத்தில் தண்ணீர் தெளிந்திருக்கும். அதை மட்டும் வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மறுபடி வையுங்கள். தண்ணீருக்கும் மாவுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு மெல்லிய படை தெரியும். அது மாச்சத்து. அவசரத்தில் அதையும் வடித்துவிட்டால் பிறகு கஞ்சி கூழாகப் பிடிக்காது. இந்த வேலை மூன்று நாளிலும் முடியலாம், பத்து நாளும் இழுக்கலாம். மரத்துக்கு மரம் வேறுபடும். நாளை எண்ணாதீர்கள், ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்து அரை நிமிடம் பொறுங்கள். கசப்பு உடனே தெரியும், இழுப்பு பிந்தித்தான் தெரியும். இரண்டும் இல்லையென்றால் முடிந்தது.

கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. பிரிட்ஜுக்கு வெளியே வைத்தால் இரண்டாம் நாளே புளிக்கும். இரும்புச் சட்டி, இரும்புக் கரண்டி பட்டால் டனின் இரும்போடு சேர்ந்து மாவு கருநீலமாகிவிடும். பழைய காலத்து எழுதும் மையே ஓக்கிலிருந்து எடுத்த டனினும் இரும்பு உப்பும் சேர்ந்ததுதான். கொதிநீரில் கழுவினால் ஒரே நாளில் துவர்ப்பு போகும், ஆனால் மாச்சத்து வெந்துவிடுவதால் அந்த மாவு பிறகு ஒட்டாது, ரொட்டி தட்டினால் உதிரும். எண்ணெயும் மேலே மிதந்து தண்ணீரோடு போகும். கஞ்சிக்குப் பச்சைத் தண்ணீர் முறைதான் சரி. முழுப் பருப்பாக அவித்துத் தின்ன மட்டும் கொதிநீர் போதும். கழுவி முடித்த ஈர மாவை அன்றே சமைக்க வேண்டும், அல்லது மெல்லியதாகப் பரப்பி உலர்த்த வேண்டும். எண்ணெய் உள்ள மாவு என்பதால் காய்ந்த பிறகும் வெப்பமான இடத்தில் காறல் வாடை அடிக்கும்.

கித்துல்கல, கினிகத்தேனைப் பக்கம் கித்துள் மா எடுப்பவர்கள் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும், இடமும் வலமும் மாறியிருக்கும், அவ்வளவுதான். கித்துள் மரத்தை வெட்டி, நடுச் சோற்றைக் கொத்தி இடித்து, தண்ணீரில் பிசைந்து துணியில் வடிக்கிறார்கள். மாச்சத்து தண்ணீரோடு இறங்கிப் பாத்திரத்தின் அடியில் படிகிறது, நார் துணியில் நிற்கிறது. தெளிந்த தண்ணீரைப் பலமுறை மாற்றி, படிந்ததை வெயிலில் காய வைக்கிறார்கள். அங்கே தண்ணீர் நல்லதைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஓக் மாவில் தண்ணீர் கெட்டதைத் தூக்கிக்கொண்டு போகிறது. இரண்டிலும் அடியில் படியும் வெள்ளையைக் காப்பாற்றுவதுதான் கைப்பக்குவம். பூத்துக் கள் இறக்கி ஓய்ந்த கித்துளில் மா அதிகம் கிடைக்காது, மரம் சேர்த்து வைத்ததைப் பூவுக்குச் செலவழித்துவிடுகிறது.

சூமாஷ் மக்கள் இஸ்லே என்ற காட்டுச் செரியின் கொட்டையையும் இப்படிக் கழுவித் தின்றார்கள். பழத்தின் சதை மெல்லிய தோல் மாதிரி, அதில் ஒன்றுமில்லை. உள்ளிருக்கும் பருப்புத்தான் சாப்பாடு. ஆனால் அதில் இருப்பது மரவள்ளியில் இருக்கும் அதே வகை நஞ்சு, நசுக்கினால் சயனைட் கிளம்பும். உடைத்து, ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி அவித்துப் பிசைந்து உருண்டை பிடித்தார்கள். மரவள்ளியை மூடாமல் அவித்துத் தண்ணீரை வடித்துக் கொட்டு என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதற்காகத்தான்.

சமையல் பாத்திரம் கூடைதான். ஜங்கஸ் என்ற கோரைப் புல்லால் அத்தனை இறுக்கமாகச் சுற்றிப் பின்னுவார்கள், நனைந்ததும் நார் உப்பி இடைவெளி அடைந்துவிடும். அதில் மாவையும் தண்ணீரையும் கரைத்து, நெருப்பில் பழுத்த கற்களை ஒவ்வொன்றாக இறக்கினால் சில நிமிடங்களில் கொதிக்கும். கல்லை நெருப்பிலிருந்து எடுத்ததும் வேறொரு தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாம்பலைப் போக்க வேண்டும். உள்ளே போட்ட பிறகு கல்லை ஒரே இடத்தில் நிற்கவிடக் கூடாது, நின்றால் கூடை கருகும். கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆற்றில் கிடந்த ஈரக் கல்லை அப்படியே நெருப்பில் போடுவது ஆபத்து, உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகி வெடித்துத் தெறிக்கும். சாந்தா கத்தலினா தீவிலிருந்து வந்த மாக்கல்லில் குடைந்த சட்டிகளும் இருந்தன. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டாலும் அந்தக் கல் எளிதில் விரிசல் விடாது, நேரே அடுப்பில் வைக்கலாம்.

இனித் தண்ணீரை நிறுத்தும் வேலை. சாந்தா பார்பரா கரையில் நிலத்துக்கடியில் எண்ணெய் நிறைய. அது பாறை வெடிப்பு வழியே கசிந்து தாராக வெளியே வரும், கடலடியிலிருந்தும் வரும். சூமாஷ் இதில் இரண்டு வகை பிரித்தார்கள். அலையில் ஒதுங்கும் மென்மையான தார் மலாக், நிலத்துக் கசிவிலிருந்து வெட்டி எடுக்கும் கடினமான தார் வோக்கோ. படகு வேலைக்கு மலாக் உதவாது, வெயிலில் இளகும். கைப்பிடி ஒட்ட, சிப்பி பதிக்க, சில்லறை வேலைக்கு அது போதும்.

தண்ணீர்க் குடுவை செய்வதைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்கலாம். குறுகிய கழுத்தும் அகன்ற வயிறுமாகக் கோரையில் ஒரு குடுவை பின்னப்பட்டிருக்கிறது. கை உள்ளே போகாது, தூரிகையும் எட்டாது. உள்பக்கம் முழுவதும் தார் பூச வேண்டும், எப்படி? இடித்த தார்த் துண்டுகளை உள்ளே போட்டு, பாக்கு அளவுள்ள சூடேறிய கூழாங்கற்களையும் போட்டு, குடுவையை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். கல் பட்ட இடத்தில் தார் உருகும், கல் உருளும் வழியெல்லாம் பூசிக்கொண்டு போகும். கல் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் கோரை கருகும், தாரும் கொதித்துக் குமிழிவிடும், பிறகு அந்தக் குமிழி வழியே ஒழுகும். சூடு குறைவாக இருந்தால் கல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கல் பெரிதாக இருந்தால் அடி விளிம்பின் மூலைக்குள் நுழையாது, அந்த மூலை பூசப்படாமல் நிற்கும். உருட்டல் நின்றால் தார் ஒரு பக்கம் தேங்கும். வேலை முடிந்ததும் கற்களைச் சூடு ஆறுமுன் கொட்டிவிட வேண்டும்.

கொட்டிய கற்கள் அங்கேயே கிடக்கும். பல நூறு ஆண்டுகள் கழித்துத் தீவுகளின் சிப்பி மேடுகளைத் தோண்டும்போது தார் பூசிய கூழாங்கற்கள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. குடுவை உக்கி மண்ணாகிவிட்டது. ஆனால் உள்ளே பூசிய தார்ப் படையின் துண்டுகளில் கோரையின் ஒவ்வொரு சுற்றும் அச்சு வார்த்த மாதிரி பதிந்திருக்கிறது. இல்லாமல் போன கூடையின் பின்னலை அந்த அச்சிலிருந்து எண்ணிவிடலாம். தொல்லியலில் இதைவிட மனதைத் தொடும் தடயங்கள் அதிகமில்லை என்றே சொல்வேன்.

இந்த வேலைக்கு ஒரு விலையும் இருந்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் பழைய முறைப்படி குடுவை செய்து அளந்து பார்த்தார்கள். குடுவையில் வைத்த தண்ணீருக்குள் தாரின் நச்சுப் பொருள்கள் மிகக் குறைவாகவே இறங்கின, எண்ணெய் வைத்தபோது கூடுதலாக இறங்கின. தார் உருக்கும்போது எழுந்த புகைதான் மோசமாக இருந்தது. ஆகவே யாராவது இதைச் செய்து பார்க்க நினைத்தால் திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்ய வேண்டும். வீதி போடும் தாரைப் பயன்படுத்திவிட்டு அதில் தண்ணீர் குடிக்கக் கூடாது.

படகுக்கு வருவோம். அதன் பெயர் தொமோல். பலகை இணைத்துக் கட்டிய படகு, பெரியவை 9 மீட்டர் வரை நீளும். பலகைக்கு உகந்தது ரெட்வுட் என்னும் உயரமான ஊசியிலை மரம், செம்மரம் என்று நாம் சொல்லும் மரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சூமாஷ் நாட்டில் வளர்வதில்லை. வடக்கிலிருந்து கடல் அடித்துக்கொண்டு வந்து கரையில் ஒதுக்கும் மரம்தான் அவர்கள் கைக்கு வந்தது. லேசானது, நேராகப் பிளக்கும், எளிதில் உக்காது. திமிங்கில எலும்பு ஆப்புகளால் பிளந்து, கூரான கருவியால் செதுக்கி, சுறாத் தோலால் தேய்த்தார்கள். கணு உள்ள பலகை தள்ளுபடி. கணு மரத்தோடு சேர்ந்து உப்புவதில்லை, சுருங்குவதில்லை, ஒருநாள் அந்த இடம் ஒழுகும்.

அடியில் தடித்த ஒரே பலகை. அதன் மேல் பக்கப் பலகைகள் வரிசை வரிசையாக ஏறும். விளிம்புகளைச் சாய்வாகச் சீவி, ஒன்றன் மேல் ஒன்று உட்காரும்படி பார்த்து, முதலில் யோப் வைத்து ஒட்டுவார்கள். யோப் என்பது வோக்கோவை இடித்துப் பைன் பிசினோடு சேர்த்துக் கொதிக்க வைத்தது. பிசின் சேர்ந்தால்தான் கடினமாகப் பிடிக்கும், அளவு மிஞ்சினால் குளிர்ந்த தண்ணீரில் நொறுங்கும். ஒட்டியது இறுகிய பிறகு இரண்டு பக்கமும் துளையிட்டு நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டி, மூட்டில் காய்ந்த கோரைத் தண்டை அடைத்து, துளைக்கும் மூட்டுக்கும் மேலே மறுபடி சூடான யோப். உள்ளே விலாக்கட்டைகள் கிடையாது, நடுவில் குறுக்காக ஒரு கட்டை மட்டும். அதனால் அலையில் படகு கொஞ்சம் நெளியும். ஆணி அடித்த படகில் இந்த நெளிவு ஆணியைத் தளர்த்தும், கயிறு கட்டிய படகில் கயிறு ஈடுகொடுக்கும். தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் நம் கரையிலும் ஓடின, காரணமும் இதுதான். ஆனால் யோப் நெளியாது, வெடிக்கும். ஆகவே தொமோல் ஒழுகாமல் இருக்காது. ஓட்டத்தில் ஒருவர் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பார், கரையேறியதும் மூட்டுகளைப் பார்த்து மறுபடி பூசுவார்கள்.

தீவிலிருந்து கரைக்கு மணிகள் போயின. ஒலிவெல்லா என்ற சிறு சங்கின் சுவரிலிருந்து வெட்டி, தீவிலேயே கிடைக்கும் தீக்கல்லில் செய்த நுண்துளைக் கருவியால் துளையிட்டு, கோத்துப் பணமாகப் புழங்கினார்கள். கரையிலிருந்து ஓக் கொட்டையும் விதையும் தீவுக்குப் போயின. கடல் சிப்பி மலைக்குப் போவது நமக்கும் தெரிந்த கதை. கித்துல்கல பெலிலென குகையிலும் குருவிட்டைப் பக்கத்து படதொம்பலென குகையிலும் ஈரக் காட்டுக்குள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களிடம் கடற்சிப்பிகள் இருந்தன. கரையிலிருந்து நாள்கணக்கில் நடந்து வந்த பொருள்கள் அவை.

அந்தக் குகைகளில் கெக்குன என்ற காட்டு மரத்துக் கொட்டையின் கருகிய ஓடுகள் ஏராளம். கெக்குனவைக் கழுவ வேண்டியதில்லை, உடைத்தால் தின்னலாம். நடுவில் குழி விழுந்த உடைகற்களும் அங்கே கிடைக்கின்றன, ஓக் கொட்டை உடைத்த கல்லில் உள்ளது போன்ற குழி. ஆனால் இரண்டு நாட்டையும் ஒப்பிடும்போது கவனம் வேண்டும். கெக்குன ஓடு கல் மாதிரித் தடிப்பு, நெருப்பில் விழுந்தால் கரியாகி நிற்கும். ஓக் கொட்டையின் ஓடு மெலிது, பெரும்பாலும் சாம்பலாகிவிடும். அகழ்வுக் குழியில் கிடைத்த ஓடுகளை எண்ணி, இவர்கள் இதை அதிகம் தின்றார்கள், அதைக் குறைவாகத் தின்றார்கள் என்று கணக்குப் போட்டால் பிழையாகும்.

அந்தக் கரியை மண்ணிலிருந்து பிரிப்பதும் தண்ணீரால்தான். அகழ்ந்த மண்ணை முதலில் நிழலில் உலர்த்தி, அளந்து வாளித் தண்ணீரில் போட்டு மெதுவாகக் கலக்கினால் கரி மிதக்கும். அதை அரை மில்லிமீட்டருக்கும் நுண்ணிய வலைத் துணியில் வடித்து எடுக்க வேண்டும். களிமண் கரையாமல் உருண்டை பிடித்தால் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முதலில் ஊறவைக்கலாம். மிதந்ததை வெயிலில் காய வைத்தால் கரி வெடித்துத் தூளாகும், நிழல்தான் வேண்டும். கெக்குன ஓடு போன்ற கனமானவை அடியிலும் போய்விடும், ஆகவே வாளியின் அடி மண்ணையும் சலிக்காமல் கொட்டக் கூடாது. இதைப் படித்துவிட்டு மலையில் தெரியும் குகைக்குள் மண்வெட்டியோடு போய்விடாதீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம். அதைவிட, ஒருமுறை கலைந்த மண் அடுக்கை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

1772 முதல் 1804 வரை ஸ்பானியர் சூமாஷ் நாட்டில் மிஷன் என்ற கத்தோலிக்க சமயக் குடியிருப்புகள் ஐந்தை நிறுவினார்கள். மக்கள் அங்கே கொண்டுவரப்பட்டு வயலிலும் மந்தையிலும் வேலைக்கு வைக்கப்பட்டார்கள், புதிய நோய்களில் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். சாப்பாடு கோதுமையும் சோளமும் ஆனது. விதை தரும் புல்வெளிகளை அவர்கள் பருவம் பார்த்துக் கொளுத்தி வந்தார்கள், 1793இல் ஆளுநர் அதையும் தடைசெய்தார். நாளெல்லாம் பிறருடைய வேலை செய்தவர்களுக்கு மாவைக் கழுவ நேரம் எங்கே கிடைக்கும்? தோட்டக் கணக்கில் கழித்துக் கொடுத்த அரிசியிலும் கோதுமை மாவிலும் வளர்ந்த மலையகக் குடும்பங்களுக்கு, சமையல் எப்படி மாறிப்போகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1824இல் மூன்று மிஷன்களில் சூமாஷ் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அது அடக்கப்பட்டது.

தொமோல் கட்டும் முறை தப்பியது ஒரு முதியவரால். பெர்னாந்தோ லிப்ராதோ, சூமாஷ் பெயர் கித்செபாவித். 1910களில் மொழியியலாளர் ஹாரிங்டன் பக்கத்தில் உட்கார்ந்து மரம் தேர்வதிலிருந்து யோப் காய்ச்சுவது வரை சொல்லிக்கொடுத்தார். ஒரு படகையும் கட்டிக் காட்டினார். அந்தக் குறிப்புகளை வைத்து 1976இல் ஹெலெக் என்ற தொமோல் கட்டப்பட்டது. 1997இல் எல்யேவுன் வந்தது, வாள்மீன் என்று பொருள். 2001இல் அந்தப் படகு கரையிலிருந்து லிமூவுக்கு, 30 கிலோமீட்டருக்கும் மேல், கடலைக் கடந்தது. கரைக்கும் தீவுக்கும் இடைப்பட்ட அந்தக் கடலில் பகல் ஏற ஏறக் காற்று எழும், அலை உயரும். அதனால் இருட்டிலேயே துடுப்பைப் போட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் இதழ் உள்ள துடுப்பு, முழங்காலில் அமர்ந்து மாற்றி மாற்றி இழுப்பது. கைகள் சோரும்போது துணைக்கு வரும் படகிலிருந்து அடுத்த ஆட்கள் நடுக்கடலிலேயே மாறிக்கொள்வார்கள். மாறும் நேரத்திலும் இறைப்பவர் மட்டும் கையை நிறுத்தக் கூடாது.